வென் எ மேன் லவ்ஸ் எ உமன்

அமெரிக்க சோல் இசையின் புகழ்பெற்ற காதல் பாடல். பாடியவர் பெர்சி ஸ்லெட்ஜ். 1966 பிப்ரவரியில் அலபாமா மாநிலத்தின் ஷெஃபீல்டு நகரில் பதிவாகி, அட்லாண்டிக் நிறுவனத்தின் இசைத்தட்டாக வெளிவந்தது. அதே ஆண்டு மே இறுதியில் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடத்துக்கு வந்து இரண்டு வாரம் நிலைத்தது. பாடகர் பதிவு செய்த முதல் பாடலே இதுதான்.

தோற்றம்: ஸ்லெட்ஜ் அலபாமாவின் லெய்ட்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். சிறுவயதில் பருத்திக் காட்டில் வேலை செய்தார். 1960களின் நடுவில் பகலில் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு உதவும் ஊழியர்; வார இறுதிகளில் எஸ்கொயர்ஸ் காம்போ என்ற குழுவின் பாடகர். பாட்டு பிறந்த கதையைப் பின்னாளில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். காதலி விட்டுப் போயிருந்த நேரம் அது. ஒரு நாள் மேடையில் வழக்கமான பாட்டு எதையும் பாட மனம் வரவில்லை. குழுவின் கால்வின் லூயிஸையும் ஆண்ட்ரூ ரைட்டையும் ஏதாவது வாசிக்கச் சொல்லிவிட்டு, வாய்க்கு வந்ததைப் பாடியிருக்கிறார். பருத்திக் காட்டில் முணுமுணுத்த மெட்டுதான் அது என்றும் சொல்வார். ஆக, உலகமெங்கும் கல்யாண நடனங்களில் ஒலிக்கிற இந்தப் பாட்டு பிரிவில் முளைத்தது. பாலைத்திணை படித்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

பதிவு: ஷெஃபீல்டில் வானொலி அறிவிப்பாளராகவும் இசைத்தட்டுக் கடைக்காரராகவும் இருந்த குவின் ஐவி, நொராலா என்ற சிறிய ஒலிப்பதிவுக்கூடம் நடத்திவந்தார். அவரும் கிட்டார் வாசித்த மார்லின் கிரீனும் சேர்ந்து தயாரித்தார்கள். ஸ்பூனர் ஓல்டாம் ஃபர்ஃபிசா ஆர்கன், ரோஜர் ஹாக்கின்ஸ் டிரம்ஸ், ஜூனியர் லோவ் பேஸ் கிட்டார். பாடகர் கறுப்பினத்தவர்; இவர்கள் வெள்ளையர்கள். செல்மாவில் வாக்குரிமை ஊர்வலத்தைக் காவலர்கள் தடியால் அடித்துக் கலைத்து ஓராண்டுகூட ஆகாத அலபாமாவில் இப்படி ஒரு கூட்டு அமைந்ததை எளிதாகக் கடந்துபோக முடியாது.

பாட்டில் தனிப் பல்லவி கிடையாது. தலைப்புச் சொற்களே முதல் அடி. நம் திஸ்ர நடை போல மும்மூன்றாக நகரும் மந்தமான தாளம். கீழே பேஸ் ஒவ்வொரு படியாக இறங்க, மேலே ஆர்கன் தேவாலயத்தில் கேட்பதுபோல் நீண்டு நிற்கிறது. அதன் மேல் ஸ்லெட்ஜின் குரல் உச்சத்தில் ஏறி, உடைந்துவிடுமோ என்ற விளிம்பில் நிற்கும், ஆனால் உடையாது. ஏமாற்றுகிறாள் என்று யாராவது எச்சரித்தாலும் நம்பாத, அவளுக்காக நண்பனையும் பகைத்துக்கொள்ளும் ஆணின் நிலையைச் சொல்கிற பாட்டு இது. பாடுபவர் முதலில் யாரோ ஒருவனைப் பற்றிச் சொல்வதுபோலத் தொடங்கி, நடுவில் தன் கதைக்கே வந்துவிடுகிறார். எனக்கு இந்தப் பாட்டின் உயிர் அந்தத் திருப்பத்தில்தான் இருக்கிறது.

ஷெஃபீல்டு அடங்கிய மசில் ஷோல்ஸ் வட்டாரத்திலேயே இருந்த ஃபேம் ஒலிப்பதிவுக்கூடத்தின் ரிக் ஹால் வழியாக நாடா அட்லாண்டிக்கின் ஜெர்ரி வெக்ஸ்லரிடம் போனது. அவருக்குப் பாட்டு பிடித்தது. ஆனால் ஊதுகருவிகள் சுருதி விலகியிருப்பதாகச் சொல்லி, திரும்பப் பதிவு செய்யக் கேட்டார். வேறு கலைஞர்களை வைத்துச் செய்தும் கொடுத்தார்கள். ஆனால் நாடாக்கள் மாறிப்போய், பழைய பதிவே இசைத்தட்டாகிவிட்டது என்று மசில் ஷோல்ஸ் கலைஞர் டேவிட் ஹுட் நினைவுகூர்ந்திருக்கிறார். கடைசிப் பகுதியில் ஊதுகருவிகள் நுழையும்போது காதைத் தீட்டிக் கேட்டால் அந்தப் பிசிறு தெரியும். திருத்திய பதிவு வந்திருந்தால் இவ்வளவு நெஞ்சைத் தொட்டிருக்காது என்பேன். அழுதுகொண்டே பாடுபவனுக்குப் பின்னால் எல்லாம் சுத்தமாக ஒலிப்பது பொருந்தாது.

தாக்கம்: மசில் ஷோல்ஸ் வட்டாரத்தில் பதிவாகித் தேசிய அளவில் முதலிடம் பிடித்த முதல் பாட்டு இது. அதன்பின் அட்லாண்டிக் தன் பாடகர்களை இந்த வட்டாரத்துக்கே அனுப்பத் தொடங்கியது. 1966இலேயே வில்சன் பிக்கெட்டும், 1967 ஜனவரியில் அரீதா ஃபிராங்க்ளினும் ஃபேமுக்கு வந்தார்கள்.

பிரிட்டனில் 1966இல் நான்காம் இடம் கிடைத்தது. 1987இல் லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரத்தில் ஒலித்தபின் மறுவெளியீடு கண்டு இரண்டாம் இடத்துக்கு ஏறியது. பெட் மிட்லர் 'தி ரோஸ்' படத்தில் பாடினார். மைக்கேல் போல்ட்டன் பாடிய வடிவம் 1991இல் அமெரிக்காவில் மறுபடி முதலிடம் பெற்று, அவருக்கு கிராமி விருதும் வாங்கித் தந்தது. குரல் வலிமையில் போல்ட்டன் குறைந்தவரல்ல. ஆனால் ஸ்லெட்ஜின் தயக்கம் அதில் இல்லை. 1994இல், மதுவுக்கு அடிமையான மனைவியையும் அவள் கணவனையும் பற்றிய ஹாலிவுட் படம் ஒன்று இதே தலைப்பில் வந்தது.

உரிமை: பாட்டை எழுதியவர்களாகப் பதிவானவர்கள் லூயிஸும் ரைட்டும் மட்டுமே. ஸ்லெட்ஜே பெருந்தன்மையாக அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். அது தவறான முடிவு என்று பின்னாளில் ஒப்புக்கொண்டாலும், அவர்கள்மேல் கசப்பு காட்டவில்லை. 2005இல் ராக் அண்ட் ரோல் புகழ்மன்றத்தில் அவர் சேர்க்கப்பட்டார். 2015 ஏப்ரலில் லூசியானாவின் பேட்டன் ரூஜில் இறந்தார். இசைத்தட்டின் லேபிளில் அவர் பெயர் பாடகராக மட்டும் இருக்கிறது.