ஏரியில் மூழ்கிய கப்பல்களுக்கான ஆழ்முக்குளிப்புப் பயிற்சி

பொழுதுபோக்கு முக்குளிப்புக்குப் பயிற்சி நிறுவனங்கள் வகுத்துள்ள எல்லை 40 மீட்டர். அதற்கும் கீழே, வெவ்வேறு வாயுக் கலவைகளைச் சுவாசித்து, மேலேறும் வழியில் கட்டாய நிறுத்தங்களோடு செய்யப்படுவது தொழில்நுட்ப முக்குளிப்பு. குளிர்ந்த நன்னீர் ஏரிகளின் அடியில் கிடக்கும் கப்பல்கள் இதன் முக்கிய இலக்குகளுள் ஒன்று. இதற்கான பயிற்சி ஆழத்துக்குப் போகக் கற்றுத்தருகிறது என்பது பரவலான எண்ணம். பாடத்திட்டத்தையும் விபத்து வரலாற்றையும் சேர்த்துப் படித்தால் வேறொரு முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது. உடனே மேலே வர முடியாத நிலையில் கோளாறுகளை நீருக்கடியிலேயே தீர்ப்பதும், கப்பல் கண்ணெதிரே இருக்கும்போதே திரும்புவதும்தான் இப்பயிற்சியின் உள்ளடக்கம். இறங்குவது அதில் சிறு பகுதி.

வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில், கனடாவின் ராஸ்போர்ட் அருகே கிடக்கும் குனில்டா என்ற நீராவி உல்லாசக் கப்பல் இதற்கு நல்ல சான்று. 1897-இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட இக்கப்பல் சுமார் 59 மீட்டர் நீளமுடையது. ஸ்டாண்டர்ட் ஆயில் செல்வந்தர் வில்லியம் ஹார்க்னஸ் இதன் உரிமையாளர். உள்ளூர் வழிகாட்டி மாலுமியை அமர்த்த அவர் மறுத்ததால், 1911 ஆகஸ்டில் கப்பல் மெக்கார்வி மேட்டில் தரைதட்டியது. இழுத்து மீட்கும்போது தாங்கிப்பிடிக்க இரண்டாவது மிதவைக் கலம் வேண்டும் என்று மீட்புக் குழுத் தலைவர் கூறியதையும் அவர் ஏற்கவில்லை. இழுத்தபோது கப்பல் சாய்ந்து, நீர் புகுந்து, ஏறத்தாழ 80 மீட்டர் ஆழத்துக்குச் சென்றது. அன்று எவரும் இறக்கவில்லை. ஆனால் பின்னாளில் அதைக் காணச் சென்ற முக்குளிப்பவர்கள் இருவர், 1970-இலும் 1989-இலுமாக, அங்கே உயிரிழந்தனர். இத்தகைய குளிர்ந்த நன்னீர் ஏரிகளில் மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு வாழ்வதில்லை. ஆழத்தின் குளிரில் சிதைவும் மெதுவாகவே நடக்கிறது. எனவே இத்தகைய கப்பல்கள் வியக்கத்தக்க முழுமையோடு நிற்கின்றன. அந்த முழுமை, இன்னும் சில நிமிடம் இருந்து பார்க்கலாம் என்ற ஆசையைத் தூண்டுவதால் அதுவே ஓர் ஆபத்தாகவும் ஆகிறது.

அந்தச் சில நிமிடங்களுக்கு என்ன விலை என்பதை எளிய கணக்கே காட்டும். 80 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் ஏறத்தாழ 9 பார். சாதாரணக் காற்றை அங்கே சுவாசித்தால் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 1.9 பாரை நெருங்கும். வலிப்பை உண்டாக்கக்கூடும் என்பதால் முக்குளிப்பின் இயங்கு கட்டத்துக்கு 1.4 பாரும், ஓய்வான நிறுத்தங்களுக்கு 1.6 பாரும் மேல் எல்லையாகக் கொள்ளப்படுகின்றன. நைட்ரஜனோ கடும் மயக்கத்தைத் தரும். காற்றின் அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 11 கிராமாக ஏறி மூச்சுவிடுவதையே உழைப்பாக்கும். பரிந்துரைக்கப்படும் உச்ச அளவு 6.2 கிராம்தான். ஆகவே ஹீலியம் கலந்த டிரைமிக்ஸ் தேவைப்படுகிறது. 12 விழுக்காடு ஆக்சிஜனும் 65 விழுக்காடு ஹீலியமும் கொண்ட கலவை இம்மூன்று இடர்களையும் கட்டுக்குள் வைக்கும். ஆனால் நீர்ப்பரப்பில் அதையே சுவாசித்தால் ஆக்சிஜன் போதாமல் நினைவு தப்பக்கூடும் என்பதால், இறங்கும் வழிக்கென்று வேறொரு கலவை வேண்டும். அடுத்தது அளவு. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு அடியில் 180 லிட்டர் செலவாகும். 200 பார் நிரப்பிய இரண்டு 12 லிட்டர் சிலிண்டர்களில் உள்ள 4,800 லிட்டரில், போவதற்கு ஒரு பங்கு, திரும்புவதற்கு ஒரு பங்கு, அவசரத்துக்கு ஒரு பங்கு என்று பிரித்தால், போவதற்குரிய பங்கு அந்த ஆழத்தில் 9 நிமிடத்துக்கும் குறைவாகவே நீடிக்கும். இதனால்தான் பயிற்சியில் முதலில் கற்கப்படுவது கணக்குத்தாள்.

அழுத்தத்தில் உடல் திசுக்களில் கரைந்த வாயு, விரைந்து மேலேறினால் குமிழிகளாகித் தீங்கு செய்யும். படிப்படியாக நின்று ஏறும் முறையை ஆடுகளில் சோதித்து 1908-இல் வெளியிட்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் பியூல்மன் அதை மேலும் வளர்த்து, உயரமான மலை ஏரிகளுக்கும் பொருந்தும் அட்டவணைகளைத் தந்தார். அவர் வகுத்த கணிப்பு முறை இன்றைய முக்குளிப்புக் கணினிகள் பலவற்றில் இயங்குகிறது. சுப்பீரியர் ஏரியின் பரப்பு கடல்மட்டத்திலிருந்து 183 மீட்டரில் இருப்பதால் உயரத் திருத்தம் பெரிதாகத் தேவையில்லை. சுமார் 1,900 மீட்டரில் உள்ள டாஹோ ஏரியில் அதைத் தவிர்க்க முடியாது. சுப்பீரியர் ஏரியில் மூழ்கிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு கப்பல் சுமார் 160 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. 1995-இல் டிரைமிக்ஸ் கொண்டு அதை அடைந்த இருவர் 6 நிமிடத்தில் இறங்கி, 6 நிமிடம் பார்த்து, மேலே வர 3 மணி நேரம் எடுத்துக்கொண்டனர். அந்த 3 மணி நேரத்தில் எது பழுதானாலும் மேலே ஓடிவர வழியில்லை. இப்பயிற்சியின் ஒவ்வொரு கூறும் இந்த ஒரே உண்மையிலிருந்து பிறக்கிறது.

பயிற்சி படிகளாகவே அமைகிறது. டிடிஐ என்ற பயிற்சி நிறுவனத்தின் வரிசையில் நிறுத்தங்களுக்கான பாடம் 45 மீட்டர் வரையிலும், டிரைமிக்ஸ் 60 மீட்டர் வரையிலும், உயர்நிலை டிரைமிக்ஸ் 100 மீட்டர் வரையிலும் தகுதி தருகின்றன. ஒவ்வொரு படியிலும் ஆழமற்ற நீரில் அதே செயல்கள் திரும்பத்திரும்பச் செய்யப்படுகின்றன: கசியும் வால்வைக் கையைப் பின்னால் நீட்டி மூடுதல், நீண்ட குழாய் வழியே துணைவருக்கு வாயு கொடுத்தல், முகக்கண்ணாடி இல்லாமல் ஒரே ஆழத்தில் நிற்றல், கண்ணை மூடி வழிக்கயிற்றைத் தொட்டபடி வெளியேறுதல், சிலிண்டரின் எழுத்தைத் துணைவரும் சரிபார்த்த பிறகே கலவையை மாற்றுதல். ஏரி இதனோடு குளிரையும் சேர்க்கிறது. நீர் மிக அடர்ந்திருப்பது சுமார் 4 டிகிரி செல்சியஸில் என்பதால் ஆழ்நீர் கோடையிலும் அந்த வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். ரெகுலேட்டர் உறைந்து வாயு தடையின்றிக் கொட்டலாம். தடித்த கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போகலாம். ஹீலியம் வெப்பத்தை எளிதில் கடத்துவதால், நீர்புகா உடைக்குள் சுவாசக் கலவையை விடாமல் காற்றையோ ஆர்கானையோ தனியாக நிரப்புகிறார்கள். வெதுவெதுப்பான கடலில் பெற்ற சான்றிதழை மட்டும் நம்பி இங்கே இறங்குவது இதனால்தான் பொருந்தாது.

இப்பழக்கங்களுள் பலவும் குகை முக்குளிப்பின் மரணங்களை ஆராய்ந்ததில் உருவானவை. 1979-இல் குகை முக்குளிப்பாளர் ஷெக் எக்ஸ்லி வெளியிட்ட கையேடு அம்மரணங்களுக்குப் பின்னால் இருந்த பொதுக் காரணங்களைப் பிரித்துக் காட்டியது: தொடர்ச்சியான வழிக்கயிறு இல்லாமை, திரும்புவதற்கும் அவசரத்துக்கும் மூன்றில் இரண்டு பங்கு வாயுவை ஒதுக்காமை, காற்றைச் சுவாசித்தபடி அளவுமீறி ஆழம் போதல். இவற்றுள் எதுவும் கருவியின் பழுது அன்று. எல்லாம் மனிதர் எடுத்த முடிவுகள். கப்பலின் உட்பகுதியும் குகையைப் போல நேரே மேலேற வழியற்ற இடம்தான். காலால் கிளறப்பட்ட வண்டல் சில நொடிகளில் பார்வையை மறைத்துவிடும். ஆகவே குகையின் பாடம் கப்பலுக்கும் அப்படியே செல்லும்.

இன்றைய கருவிகள் இந்தப் பயிற்சியின் தேவையைக் குறைத்துவிட்டன என்று சிலர் வாதிடலாம். வெளிவிடும் மூச்சிலிருந்து கரியமில வாயுவை நீக்கி ஆக்சிஜனைச் சேர்த்து மறுசுழற்சி செய்யும் ரீபிரீதர், வாயுச் செலவு என்ற சிக்கலைப் பெருமளவு தீர்க்கிறது என்பது உண்மையே. ஆனால் சிலிண்டர் தீரும்போது மூச்சிழுப்பது கடினமாவதால் பயனர் அதை அறிவார். ரீபிரீதரில் ஆக்சிஜன் குறைந்தால் எந்த உணர்வும் இன்றி நினைவு தப்பலாம். அதோடு, அது பழுதானால் மேலே வருவதற்கான சிலிண்டர்களைச் சுமந்தே போக வேண்டும். கருவி ஒரு சுமையை இறக்கி, விழிப்பு என்ற மற்றொன்றை ஏற்றுகிறது.

இதைவிட வலுவான மறுப்பு, பயிற்சியே துணிச்சலை ஊட்டி மேலும் ஆழத்துக்கு அனுப்புகிறது என்பது. எக்ஸ்லியே 1994-இல் மெக்சிகோவின் சகாட்டோன் நீர்க்குழியில் மிக ஆழமான முக்குளிப்பு ஒன்றில் இறந்தார். திறமை எல்லையை அகற்றாது என்பதற்கு இது சான்று. என்றாலும் இதிலிருந்து பயிற்சி வீண் என்ற முடிவு வராது. ஆழத்தையே வெற்றியின் அளவாகக் கொள்ளும் பயிற்சி பிழையானது என்ற முடிவே வரும். குறித்த நேரம் வந்ததும் திரும்பினாரா, சிறு குறையைக் கண்டதும் முக்குளிப்பைக் கைவிட்டாரா என்பதை மதிப்பிடாத பாடத்திட்டத்துக்கு இக்குற்றச்சாட்டு முழுமையாகவே பொருந்தும்.

மனிதர் இறங்கத்தான் வேண்டுமா என்பது இறுதிக் கேள்வி. 1975 நவம்பர் 10-இல் 29 பேருடன் மூழ்கிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டை 1976-இலேயே அமெரிக்கக் கடற்படையின் ஆளில்லாக் கலம் படமெடுத்தது. 1995-இல் அதன் மணியை மீட்டவர்கள், உள்ளே சாதாரண வளிமண்டல அழுத்தத்தைக் காக்கும் கவச உடையைப் பயன்படுத்தினர். அதில் அழுத்தத் தளர்வு நிறுத்தம் என்ற பேச்சே இல்லை. அது பலரின் கல்லறை என்ற உணர்வும் வலுத்து, 2006 முதல் ஒன்டாரியோ மாகாணச் சட்டப்படி அனுமதியின்றி அங்கே முக்குளிக்க இயலாது. இந்த வாதத்தின் பெரும்பகுதியை ஏற்கத்தான் வேண்டும். தகவலுக்காக மட்டும் என்றால் பெரும்பாலும் இயந்திரமே போதும். ஆனால் அதை ஏற்பதால் பயிற்சியின் ஒழுக்கம் இன்னும் கடுமையாகிறது. மீட்புப் பணியாளருக்கு ஓர் உயிரைக் காக்கும் கட்டாயம் இருக்கலாம். விரும்பிச் செல்பவருக்கு அப்படி எதுவும் இல்லை. தேவையில்லாத ஒரு முக்குளிப்பை இடையில் நிறுத்துவதால் யாருக்கும் எந்த இழப்பும் இல்லை. இதை அறிந்து நடப்பவரே தகுதிபெற்றவர். அதைச் சோதிக்காமல் வழங்கப்படும் சான்றிதழில் 100 மீட்டர் என்று எழுதியிருந்தாலும் அது தகுதிக்கு அத்தாட்சி ஆகாது.