ரமாகாந்த் அச்ரேக்கர்: மும்பை மைதானத்தில் ஒரு பயிற்சியாளரின் வாழ்க்கைப் பணி

ரமாகாந்த் அச்ரேக்கர் (1932–2019) மும்பை சிவாஜி பார்க்கில் பல பத்தாண்டுகள் கிரிக்கெட் கற்பித்தவர். சச்சின் டெண்டுல்கரின் குரு என்ற ஒற்றை அடையாளத்துக்குள் அவருடைய பணி பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. அந்த அடையாளம் பிழையன்று, ஆனால் போதாது. அச்ரேக்கரின் தனித்திறன் மட்டை பிடிக்கும் முறையைத் திருத்தியதைக் காட்டிலும், சிறுவர்களை இடைவிடாமல் ஆட்டத்தின் நெருக்கடியில் நிறுத்தியதில் இருந்தது. அந்த முறையின் நீண்ட விளைவை அவர் உருவாக்கிய ஆட்டக்காரர்களிடம் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். மறுபாதி அவரிடம் பயின்று பின்னாளில் பயிற்சியாளர்களானவர்களிடம் இருக்கிறது.

ஆட்டக்காரராக அச்ரேக்கருக்குப் பெரிய வாய்ப்பு அமையவில்லை. 1940களில் நியூ ஹிந்த் போன்ற மும்பைச் சங்கங்களுக்கு ஆடத் தொடங்கிய அவர், தாம் வேலை பார்த்த ஸ்டேட் பாங்கின் அணிக்காக மொயின்-உத்-தௌலா கோப்பையில் ஹைதராபாத்தை எதிர்த்து ஒரே ஒரு முதல்தர ஆட்டம் ஆடினார். ஆனால் அந்த வங்கி வேலை அவருடைய வாழ்க்கையில் ஓர் ஆட்டத்தைவிடப் பெரிய பொருளுடையது. மும்பையில் வங்கிகளும் ஆலைகளும் வணிக நிறுவனங்களும் நிறுவனங்களுக்கிடையிலான டைம்ஸ் கேடயப் போட்டிக்காகக் கிரிக்கெட் ஆடுபவர்களை வேலைக்கு எடுத்தன. மாதச் சம்பளம் அலுவலகத்திலிருந்து வந்ததால், காலையும் மாலையும் மைதானத்தில் கழிக்க முடிந்தது. காமத் மெமோரியல் கிரிக்கெட் கிளப் என்ற பெயரில் அவர் சிவாஜி பார்க்கில் நடத்திய பயிற்சிக்கு இந்த ஏற்பாடே அடித்தளம்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை விளங்கும். அங்கே பயிற்சியாளர் பல்கலைக்கழகத்தின் முழுநேர ஊழியர். பதினேழு, பதினெட்டு வயது இளைஞர்களை உதவித்தொகை தந்து சேர்ப்பதும் அவர் பொறுப்பு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் 1948 முதல் 1975 வரை பயிற்றுவித்த ஜான் வுடன், தம் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளில் 10 தேசியப் பட்டங்களை வென்றார். மும்பையில் கல்லூரிக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. மாட்டுங்காவின் ருயியா, போதார் கல்லூரிகளுக்குப் பெருமைமிக்க கிரிக்கெட் மரபு உண்டு. பல்கலைக்கழக அணியும் வலுவானதே. ஆயினும் ஒரு சிறுவனின் போக்கைத் தீர்மானித்த அமைப்புகள் அதற்கு முன்பே வேலை செய்யத் தொடங்கிவிட்டன: பள்ளிகளுக்கான ஜைல்ஸ் கேடயம், ஹாரிஸ் கேடயம், 1948 முதல் மழைக்காலத்தில் ஈரத்தரையில் நடக்கும் காங்கா லீக். மாட்டுங்காவில் ஆடுகளம் கொண்டிருந்த தாதர் யூனியன் சங்கத்தில் மாதவ் மந்திரியும் வாசு பராஞ்பேயும் சங்க வழியாக ஆட்டக்காரர்களை வளர்த்தார்கள்; சுனில் கவாஸ்கரும் திலீப் வெங்சர்க்காரும் அந்தச் சங்கத்தில் ஆடியவர்கள். அச்ரேக்கர் தேர்ந்தெடுத்தது பள்ளி வழி. தாதரில் இருந்த சாரதாஸ்ரம் வித்யாமந்திர் அவருடைய முயற்சியின் மையமாயிற்று.

அவருடைய பயிற்சி முறை பற்றிய மிக விரிவான சான்று டெண்டுல்கர் தம் தன்வரலாற்றில் தருவதே. 1984ஆம் ஆண்டு கோடையில், 11 வயதில், அண்ணன் அஜித் அவரைச் சிவாஜி பார்க்குக்கு அழைத்துச் சென்றார். நுழைவுக் கட்டணம் 65 ரூபாய், மாதத்துக்கு 10 ரூபாய். பயிற்சியாளர் பார்க்கிறார் என்ற பதற்றத்தில் சிறுவன் சரியாக ஆடவில்லை. சற்று ஒதுங்கி, அவன் அறியாதபடி கவனிக்குமாறு அஜித் கேட்டுக்கொள்ள, அச்ரேக்கர் இசைந்தார். அதன் பிறகே இடம் கிடைத்தது. அடுத்த கோடையின் 60 நாள் விடுமுறையில் டெண்டுல்கர் ஆடிய பயிற்சி ஆட்டங்கள் 55. காலை ஏழரைக்கு வலைப்பயிற்சி, பிறகு மாலை நான்கரை வரை ஆட்டம், ஐந்து மணிக்கு மீண்டும் வலை. கடைசிப் பதினைந்து நிமிடம் ஸ்டம்பின் மேல் ஒரு ரூபாய் நாணயம் வைக்கப்படும். மைதானம் முழுக்க ஆட்கள் நின்று பந்தைப் பிடிக்கக் காத்திருக்க, ஆட்டமிழக்காமல் நின்றால் நாணயம் மட்டையாளருக்கு, வீழ்த்தினால் பந்துவீச்சாளருக்கு. அதற்குப் பின் கால்காப்பும் கையுறையும் கழற்றாமல் மைதானத்தை இரண்டு சுற்று ஓட வேண்டும். ஒரே நாளில் சிவாஜி பார்க்கில் ஓர் ஆட்டமும் ஆசாத் மைதானத்தில் இன்னொன்றும் ஆடும்படி, பையனைத் தம் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நகரைக் கடந்தார் அச்ரேக்கர்.

இந்த ஏற்பாடுகளில் ஒரு கொள்கை இருக்கிறது. நாணயம் வைக்கும் வழக்கத்தைச் சுவையான கதையாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் உடல் மிகவும் களைத்திருக்கும் நேரத்தில் ஒரு பந்தின் விலை உயர்த்தப்படுவதுதான் அதன் உட்பொருள். வலைக்குள் ஆடும்போது பிழைக்குத் தண்டனை இல்லை, அடுத்த பந்து வந்துவிடும். ஆட்டத்தில் ஒரு பிழையோடு நாள் முடிந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டை அச்ரேக்கர் ஆழமாக உணர்ந்திருந்தார். பாராட்டில் அவர் காட்டிய சிக்கனத்தையும் இதனோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். 2013 நவம்பரில் வான்கடே மைதானத்தில் விடைபெற்றபோது, 29 ஆண்டுகளில் ஆசிரியர் ஒருமுறைகூடத் தம்மை ‘நன்றாக ஆடினாய்’ என்று சொன்னதில்லை என்று டெண்டுல்கர் நினைவுகூர்ந்தார். வுடனின் பயிற்சிகளை 1974–75இல் நேரில் கவனித்த ரோலண்ட் தார்ப், ரொனால்ட் கேலிமோர் என்ற உளவியலாளர்களும் அவரிடம் புகழ்ச்சியும் கண்டிப்பும் சிறு பங்கே என்றும், பெரும்பகுதி நேரடியான ஆட்டக் குறிப்புகள் என்றும் கண்டனர். அச்ரேக்கரும் வுடனும் புகழ்ச்சியை நம்பவில்லை. ஆனால் வுடன் நிமிடவாரியாகத் திட்டமிட்ட பயிற்சியில் பேசிப் பேசித் திருத்தினார். அச்ரேக்கர் திருத்தும் வேலையின் பெரும்பகுதியை ஆட்டத்திடமே விட்டார்.

1988 பிப்ரவரியில் ஆசாத் மைதானத்தில் நடந்த ஹாரிஸ் கேடய அரையிறுதி இம்முறையின் உச்சமாகக் கருதப்படுகிறது. செயின்ட் சேவியர் பள்ளிக்கு எதிராகச் சாரதாஸ்ரமத்தின் டெண்டுல்கர் 326, வினோத் காம்ப்ளி 349 என இருவரும் ஆட்டமிழக்காமல் 664 ஓட்டங்கள் சேர்த்தனர். அடுத்து ஆட இறங்கக் காத்திருந்த அமோல் மஜும்தாருக்கு மட்டையைத் தூக்கவே வாய்ப்பில்லை. அடுத்த ஆண்டு நவம்பரில் டெண்டுல்கர் கராச்சியில் டெஸ்ட் ஆடினார்.

இந்த வெற்றிக்குக் குடும்பங்கள் கொடுத்த விலை போதிய அளவு பேசப்படவில்லை. அமெரிக்கக் கல்லூரி மாணவனின் உணவும் உறைவிடமும் உதவித்தொகையில் அடங்கும். இங்கே அந்தச் சுமை வீட்டின் மேல் விழுந்தது. அச்ரேக்கரின் யோசனைப்படி சாரதாஸ்ரமத்தில் சேர்வதற்காகப் பாந்த்ரா வீட்டை விட்டு டெண்டுல்கர் சிவாஜி பார்க் அருகே சித்தப்பா வீட்டில் ஆண்டுக்கணக்கில் தங்கினார். அப்படியொரு உறவினர் வீடு இல்லாத காம்ப்ளி, காஞ்சூர்மார்க்கிலிருந்து கிரிக்கெட் பையோடு நெரிசலான ரயிலில் வந்துபோனார். காம்ப்ளி 17 டெஸ்டுகளில் 54.20 சராசரியுடன் 1,084 ஓட்டங்கள் எடுத்தும், 23 வயதிலேயே அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது. பள்ளி வயதில் ஒருவனை முழுமையாக ஏந்திக்கொண்ட அமைப்பு, புகழும் பணமும் சேர்ந்த பிறகு அவனுக்குத் துணை நிற்க எந்த ஏற்பாடும் வைத்திருக்கவில்லை. இதை அச்ரேக்கரின் குறையென்று சொல்வது நியாயமாகாது. ஆனால் அவருடைய முறையின் எல்லை அதுதான்.

அவருக்கு 1990இல் துரோணாச்சாரியார் விருதும், 2010இல் பத்மஸ்ரீயும் வழங்கப்பட்டன. 2019 ஜனவரி 2 அன்று காலமானார். 2024 டிசம்பரில் சிவாஜி பார்க்கில் அவருக்கு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது.

அவருடைய மாணவர்கள் கற்பிக்கும் பணிக்கு வந்த அளவு வியப்பூட்டுவது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் ஒரு பயிற்சியாளரின் தகுதியை, அவரிடமிருந்து கிளைத்த பயிற்சியாளர்களைக் கொண்டும் எடைபோடுவார்கள். அந்த அளவுகோலில் அச்ரேக்கருக்கு நிகர் இந்தியாவில் அரிது. சந்திரகாந்த் பண்டிட் மும்பை, விதர்பா, மத்தியப் பிரதேசம் என மூன்று அணிகளுக்கு ரஞ்சிக் கோப்பை வென்று தந்தார். விதர்பாவும் மத்தியப் பிரதேசமும் அதுவரை அக்கோப்பையைத் தொட்டதே இல்லை. 2007 இருபது ஓவர் உலகக் கோப்பையில் இந்திய அணியின் கிரிக்கெட் மேலாளர் லால்சந்த் ராஜ்புத். சஞ்சய் பாங்கர் தேசிய அணியின் மட்டையாட்டப் பயிற்சியாளராகவும், ரமேஷ் பவார் மகளிர் அணியின் தலைமைப் பயிற்சியாளராகவும் இருந்தனர். இந்த வரிசை தற்செயலாக அமைந்திருக்க முடியாது. நாள்தோறும் ஆட்டத்துக்குள் நிறுத்தப்பட்ட சிறுவன், ஓர் அசைவைச் செய்யக் கற்பதோடு ஆட்டத்தின் போக்கைப் படிக்கவும் கற்கிறான். கற்பிப்பவருக்கு வேண்டியது அந்த இரண்டாவது திறன்.

அச்ரேக்கரின் மற்றொரு மாணவரான பிரவீன் ஆம்ரே 1992இல் டர்பனில் தம் முதல் டெஸ்டிலேயே 103 எடுத்தவர். பிற்காலத்தில் சிவாஜி பார்க் ஜிம்கானாவில் அவர் வளர்த்த ஷ்ரேயஸ் ஐயர், செம்பூரில் பிறந்து மாட்டுங்கா டான் போஸ்கோவிலும் போதார் கல்லூரியிலும் படித்தவர். 2021இல் கான்பூரில் தம் முதல் டெஸ்டில் அவரும் 105 எடுத்தார். மஜும்தாரோ முதல்தர ஆட்டங்களில் 11,000க்கும் மேற்பட்ட ஓட்டங்கள் குவித்தும் இந்தியாவுக்கு ஒருமுறைகூட ஆடவில்லை. 2023இல் இந்திய மகளிர் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் அந்த அணி தென்னாப்பிரிக்காவை 52 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வென்று தன் முதல் உலகக் கோப்பையைக் கைப்பற்றியது.