அம்மாவின் முழங்காலும் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பும்

போன பௌர்ணமிக்கு ஊருக்கு, அதாங்க திருவண்ணாமலைக்கு, போயிருந்தேன். கிரிவலத்துல பாதி தூரத்திலேயே அம்மாவுக்கு முழங்கால் வலி. "மூட்டு ஜவ்வுல கொலாஜன் தேயுதும்மா"ன்னு அளந்து விட்டேன். "அதை யார்றா பார்த்தது?"ன்னாங்க.

பார்த்த கதை மெட்ராஸ்ல நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல், கொலாஜன் என்பது மூன்று இழைகள் சேர்ந்த புரி என்றார்கள். 1955-ல் அதைத் திருத்தி, மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்றார்கள். அதே வருடம் ரிச்சும் கிரிக்கும் மறுத்தார்கள்: அணுக்கள் ரொம்ப நெருக்கியடிக்கின்றன, ஒரு பிணைப்புதான் சாத்தியம்.

சரி, அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? ராமச்சந்திரன் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு சேர்ந்து 1963-ல் வெளியிட்டதுதான் ராமச்சந்திரன் வரைபடம். இன்றைக்கும் என்.எம்.ஆர். மூலம் ஒரு என்சைமின் வடிவத்தைக் கண்டுபிடித்தால், அதை உரசிப் பார்க்கும் உரைகல்களில் இதுவும் ஒன்று.

1994-ல் வந்த படிக ஆய்வில் நேரடிப் பிணைப்பு ஒன்றுதான் இருந்தது. கூடவே தண்ணீர் மூலக்கூறு பாலம் போட்ட பிணைப்புகளும் இருந்தன. தண்ணீர்ப் பாலம் பற்றி ராமச்சந்திரன் 1968-லேயே சொல்லியிருந்தார்!

நம்ம கோட்ல ஒருத்தர் பக் காட்டினா நாம என்ன பண்றோம்? நான் சண்டைக்குத்தான் போறேன். நீங்க?