பாம்புக்கடிக் காப்பு: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள்

பாம்புக்கடிக் காப்பு: காடுகரைகளில் நடமாடுவோர் நச்சுப்பாம்பின் கடிக்கு ஆளாகாமல் இருக்கவும், ஆளானால் உயிர் பிழைக்கவும் கைக்கொள்ளும் முறைகள். பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995இல் பிரிந்த பெரம்பலூரும், அதிலிருந்து ஒருமுறை பிரிந்து, மீண்டும் சேர்ந்து, 2007இல் நிலையாகத் தனித்த அரியலூரும் இக்கட்டுரையின் எல்லை.

நிலமும் வருவோரும்: இவ்வட்டாரத்தின் ஒரு பகுதி ஒரு காலத்தில் கடல். கிரீத்தேசியக் காலத்துச் சுண்ணாம்புப் பாறை அரியலூருக்குச் சிமென்ட் ஆலைகளைத் தந்தது. காரை, கொளக்காநத்தம் பக்கத்து ஓடைகளுக்கு அம்மோனைட்டுப் புதைபடிவம் தேடுவோரைத் தந்தது. புவியியலர் ஹென்றி பிளான்ஃபோர்டு 1862இல் இப்பாறைகளை விவரித்து எழுதிய காலந்தொட்டுப் புவியியல் படிப்போர் சுத்தியலும் பையுமாக இங்கு வந்தவண்ணம் உள்ளனர். புவியியலர் எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்த, 18 மீட்டர் நீளமுள்ள சாத்தனூர்க் கல்மரம், ரஞ்சன்குடிக் கோட்டை, லாடபுரத்தை அடுத்த மயிலூற்று அருவி, 2024இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற கரைவெட்டி ஏரி ஆகியவற்றைக் காணவும் ஆட்கள் வருகின்றனர். நடந்து மட்டும் போகிறவர் காலைப் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். புதைபடிவம் தேடுபவரின் வேலையே கல்லைப் புரட்டுவது; அவர் கையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரித் தோப்புகளில் சருகுக்குள் கைவிட்டுக் கொட்டை பொறுக்கும் பெண்களுக்கும் இதே நிலைதான். அவர்களுக்கு இது பொழுதுபோக்கு அன்று.

வகையும் பெயரும்: இங்கு உயிர் பறிக்கும் பாம்புகள் நான்கு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். பெயர்களை வைத்து இவற்றை ஓரினமாகக் கருதக் கூடாது. தமிழ் மூன்றை விரியன் என்கிறது. விலங்கியல் கட்டுவிரியனை நல்லபாம்பின் குடும்பத்தில் சேர்க்கிறது. இவ்விடத்தில் விலங்கியலே சரி. நல்லபாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்துவன. மற்ற இரண்டும் குருதியின் உறையும் தன்மையைக் கெடுப்பன. கண்ணாடி விரியன் சிறுநீரகத்தையும் விடாது.

கொல்லக்கூடியதை ‘நல்ல’ என்பது அச்சத்தில் பிறந்த மரியாதை. நான்கில் எச்சரித்துவிட்டுக் கடிப்பதில் முந்துவது அதுவே என்பதால் அப்பெயர் ஒருவகையில் பொருந்தவும் செய்கிறது. சுருட்டை உருவில் மிகச் சிறியது. பெரும்பாலும் இரண்டு அடியைத் தாண்டாது. உடலைச் சுருட்டிச் செதில்களை உரசி, காய்ந்த சட்டியில் நீர் தெளித்தாற்போல ஒலி எழுப்பும். கல்லும் வறட்சியும் அதற்கு உவப்பு. காரை ஓடைகளில் முதலில் நினைக்க வேண்டியது இதையே. கண்ணாடி விரியன் பருத்துச் சோம்பிக் கிடப்பது. மலைப்பாம்புக் குட்டி என்றோ மண்ணுளி என்றோ எண்ணிக் கையில் எடுத்துக் கெட்டவர் உண்டு. ஒரே ஈற்றில் 20 முதல் 40 குட்டிகள் வரை போடும். குட்டிக்கும் நஞ்சு உண்டு. கட்டுவிரியனின் வெள்ளைப் பட்டைகள் இணை இணையாக ஓடித் தலைப்பக்கம் மங்கிவிடும். நஞ்சற்ற ஓலைப்பாம்புக்கோ கழுத்திலிருந்தே பட்டை தெளிவாகத் தொடங்கும். இந்த வேறுபாட்டை நூலில் கற்பது எளிது. இரவில், டார்ச் வெளிச்சத்தில், நெளியும் பாம்பிடம் பார்ப்பது வேறு.

இப்பாம்புகளை ஐரோப்பிய முறையில் வகைப்படுத்திய வரலாற்றில் சோழமண்டலக் கடற்கரைக்குத் தனி இடம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரும் இயற்கையியலருமான பேட்ரிக் ரஸ்ஸல் சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றிய பெருநூலின் முதற்பகுதியை 1796இல் வெளியிட்டார். நச்சுப்பாம்பை நஞ்சில்லாததிலிருந்து பொதுமக்கள் எளிதில் பிரித்தறிய ஒரு புற அடையாளம் காண்பதே அவர் நோக்கம். செதில்களை எண்ணிப் பார்த்தார், அப்படி ஒரே அடையாளம் அகப்படவில்லை. இன்றளவும் அகப்படவில்லை. நாய்களையும் கோழிகளையும் கடிக்கவிட்டு விளைவுகளைக் குறித்தார். கொள்ளிடத்துக்கு அக்கரையில், தஞ்சையில் புகழ்பெற்றிருந்த பாம்புக்கடி மாத்திரையையும் சோதித்தார். அது பாடாணம் சேர்ந்த மருந்து. கண்ணாடி விரியனின் அறிவியற் பெயரில் அவர் பெயர் 1797இலேயே சேர்ந்துவிட்டது. கட்டுவிரியனுக்கும் சுருட்டைக்கும் 1801இல் பெயரிட்டவர் ஜெர்மானியரான ஷ்னைடர். கட்டுவிரியனின் பேரினப் பெயரான ‘பங்காரஸ்’, பொன்னைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லின் திரிபு. கடிப்பது தமிழ்நாட்டில், பேரினப் பெயர் தெலுங்கில், அதை வைத்தவர் பிரெஞ்சுக்காரர்.

காப்பு: கணுக்காலுக்கு மேல் வரும் காலணியும் தடித்த துணியில் தொளதொளப்பான கால்சட்டையும் கடியில் பெரும்பகுதியைத் தடுக்கும், செருப்பு தடுக்காது. தடியால் தரையைத் தட்டி நடந்தால் அதிர்வை உணர்ந்து நல்லபாம்பு விலகும். கண்ணாடி விரியன் விலகும் என்று நம்பக் கூடாது. அது இருந்த இடத்திலேயே கிடக்கும். கல்லைப் புரட்டும்போது எதிர்ப்புற விளிம்பைக் கொக்கியால் தன் பக்கமாகத் தூக்க வேண்டும். கல் கேடயமாக நிற்கும். உள்ளிருப்பது மறுபக்கம் ஓடும். விரலை அடியில் நுழைப்பது தவறு. பாறை இடுக்கு, கறையான் புற்று, எலிவளை, வயலோரத்து வெங்காயப் பட்டறை, கரைவெட்டி ஏரிக்கரைப் புல் ஆகியவற்றில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையோ காலோ வைக்கலாகாது. பாம்பைக் கண்டால் ஓர் ஆள் நீளத்துக்கு மேல் விலகி நின்று வழிவிட வேண்டும். அடிக்கவோ, படம் எடுக்க நெருங்கவோ போகும்போது கடிபடுவோர் பலர். அந்தி சாய்ந்தபின் டார்ச் இல்லாமல் நடப்பதும், கூடாரமின்றித் தரையில் படுப்பதும் கூடா. கட்டுவிரியன் இரவில் வரும், கடி வலிக்காது, விடியும்போது வயிற்றுவலி என்று எழுபவர் சற்று நேரத்தில் இமை தூக்க மாட்டாமல் கிடப்பார். கொசுவலையை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிப் படுப்பதே இதற்கு மலிவான காப்பு.

கடிபட்டபின்: மோதிரம், மெட்டி, வளையல், கொலுசு, இறுக்கமான காலணி ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்ற வேண்டும். கடிபட்ட உறுப்பை எலும்பு முறிந்ததுபோல் சிம்பு வைத்து அசையாமல் நிறுத்தி, ஆளை நடக்கவிடாமல் 108 ஊர்தியிலோ கிடைத்த வண்டியிலோ மருத்துவமனை சேர்க்க வேண்டும். கயிற்றால் இறுகக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை தேய்ப்பது யாவும் கேடு. மந்திரிப்பு சிலருக்குப் பலித்ததாகச் சொல்லப்படுவதன் காரணம் எளிது: கடித்தது நஞ்சில்லாப் பாம்பாகவோ நஞ்சு செலுத்தாத வெறுங்கடியாகவோ இருந்திருக்கும். பாம்பைப் பிடித்துக்கொண்டு போவதும் வேண்டாம். நஞ்சுமுறிவு மருந்து நான்கு நஞ்சுக்கும் பொதுவானது. சோதனைக் குழாயில் 20 நிமிடம் விட்ட குருதி உறையவில்லை என்றால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் கடி என்று மருத்துவர் தெளிந்துகொள்வார்.

நஞ்சுமுறிவு மருந்து: சிறு அளவு நஞ்சைக் குதிரைக்கு ஏற்றி, அதன் குருதியிலிருந்து பெறப்படுவது. இந்தியாவில் இதற்கான நஞ்சில் பெரும்பகுதி மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியிலுள்ள இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருகிறது. பாம்புத்தோல் வணிகம் தடைப்பட்டு இருளர் பழங்குடியினர் பிழைப்பிழந்தபோது பாம்பியலர் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978இல் தொடங்கியது இச்சங்கம். பிடித்த பாம்பைச் சில வாரம் பானையில் வைத்து நஞ்செடுத்துக் காட்டிலேயே விட்டுவிடுவர். இருளர் மரபில் வந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஒரு வட்டாரத்து நஞ்சில் செய்த மருந்து மற்றொரு வட்டாரத்துக் கடிக்கு முழுதும் ஈடுகொடாது என்ற குறை வட, மேற்கு மாநிலங்களைப் பற்றியே மிகுதியும் பேசப்படுகிறது. பெரம்பலூர்ப் பாம்புகள் நஞ்செடுக்கும் வட்டாரத்துக்கு அருகில் இருப்பவை.

இன்றைய நிலை: இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 2024இல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. மருத்துவமனைகள் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.