இமேஜின்நேட்டிவ் விழா

கனடாவின் டொராண்டோ நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் பூர்வகுடி மக்களின் திரைப்பட, ஊடகக் கலை விழா. இத்துறையில் உலகிலேயே பெரியதாகக் கருதப்படுகிறது. சிந்தியா லிக்கர்ஸ்-சேஜ், விடேப் என்ற காணொளிக் கலை அமைப்புடன் சேர்ந்து இதற்கு அடித்தளமிட்டார். முதல் விழா 2000இல் நடந்தது. முன்பு அக்டோபரில் நடந்துவந்த விழா 2024இல் ஜூனுக்கு மாறியது.

படம் பூர்வகுடிகளைப் பற்றியதாக இருந்தால் மட்டும் போதாது, அதைப் படைத்தவர்களும் பூர்வகுடிகளாக இருக்க வேண்டும் என்பதே விழாவின் அடிப்படை. நெடுங்காலம் பிறருடைய கேமராவுக்கு முன்னால் மட்டுமே நிறுத்தப்பட்ட மக்களுக்கு இது மிக நியாயமான விதி. 1990இல் கனடாவின் ஓக்கா ஊரில் கோல்ஃப் மைதான விரிவாக்கத்தை எதிர்த்து மோஹாக் பூர்வகுடி மக்கள் 78 நாள் நடத்திய முற்றுகைப் போராட்டத்தைத் தடுப்பரணுக்கு உள்ளிருந்தே படமாக்கிய அபெனாகி பூர்வகுடி இயக்குநர் அலானிஸ் ஒபோம்சாவின், தம் கதையைத் தாமே சொல்லும் உரிமையின் வலிமையை விழா பிறக்கும் முன்பே காட்டியிருந்தார்.

திரைப்படங்களுடன் ஒலிப் படைப்புகள், மெய்நிகர் படைப்புகள், வீடியோ கேம்கள் ஆகியவையும் இடம்பெறுகின்றன. விழாவின் நிர்வாகப் பொறுப்பில் இருந்த க்ரீ-மேட்டி பூர்வகுடி இயக்குநர் டானிஸ் கூலே எடுத்த 'நைட் ரெய்டர்ஸ்' படம் 2021இல் வெளியானது. அரசு பறித்துக்கொண்ட மகளை மீட்கப் போராடும் தாயின் கதை அது. பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்த கனடாவின் உறைவிடப் பள்ளிக் கொடுமையை எதிர்காலத்தில் வைத்துச் சொல்கிறது.