குரு இல்லாக் காலத்து ஞானோபதேசம்: முத்துக்குளித்துறை முதல் யாழ்ப்பாணம் வரை (1542–1806)

1658 ஜூன் மாதம் யாழ்ப்பாணக் கோட்டை டச்சுக்காரர் வசமானது. கத்தோலிக்கக் குருவானவரை வீட்டில் ஒளித்து வைத்தால் மரண தண்டனை என்று அந்த ஆண்டு செப்டம்பரிலேயே கட்டளை பிறந்தது. குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் கட்டிய கோயில்கள் சீர்திருத்தச் சபையின் ஆராதனைக் கூடங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. நிலையாகத் தங்கிப் பணியாற்ற அடுத்த குருவானவர் வந்து சேர்ந்தது 1687இல். இடையில் 29 ஆண்டுகள். கோயில் கைமாறிய வருடம் பிறந்த ஒரு பெண்குழந்தை இதற்குள் வளர்ந்து, மணமுடித்து, தன் பிள்ளையின் கையைப் பிடித்துச் சிலுவை அடையாளம் போடப் பழக்கியிருப்பாள். அவளுக்கு அதைப் பழக்கியவர் யார்?

இலங்கைக் கத்தோலிக்க வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் அந்த 1687ஆம் ஆண்டுக் குருவான யோசேப் வாஸ் அடிகளின் வருகையிலிருந்தே இந்தக் காலத்தைப் பார்க்கிறார்கள். அவர் வந்தபோது மீட்டெடுக்க அங்கே ஏதோ மிஞ்சியிருந்தது என்பதற்கு அவர்கள் போதிய கவனம் தரவில்லை. அந்த மிச்சத்தின் வேர் ஒரு நூற்றாண்டுக்கும் முந்தியது, கடலின் இக்கரையான தமிழக முத்துக்குளித்துறையைச் சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1542 இறுதியில் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். பரதவர்கள் திருமுழுக்குப் பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் செபம் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. கடலோரம் நெடுகக் கிடந்த ஊர்களுக்கு ஒரு குரு எப்படிப் போதுவார்? 1544 சனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதம் அவர் கண்ட வழியைக் காட்டுகிறது. தமிழும் போர்த்துக்கேயமும் தெரிந்தவர்களை உட்காரவைத்து, விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் பத்துக் கட்டளைகளையும் தமிழாக்கினார். தாமே அவற்றை மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருவில் இறங்கிப் பிள்ளைகளைக் கூட்டினார். தினம் இரண்டு வேளை வகுப்பு. கற்றதை வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு இட்ட கட்டளை. நோயாளிகளைத் தாமே போய்ப் பார்க்க முடியாதபோது பிள்ளைகளை அனுப்பினார். அவர்கள் அந்த வீடுகளில் நின்று செபம் சொன்னார்கள்.

இங்கே கற்பவர், கற்பிப்பவர் என்ற வரிசை தலைகீழாகிறது. பிள்ளைதான் வீட்டின் உபதேசியார். அடுத்த ஊருக்குப் புறப்படுமுன் செபங்களின் எழுத்துப்படி ஒன்றைச் சவேரியார் விட்டுச் சென்றார். கணக்கப்பிள்ளை என்ற ஊர்ப் பொறுப்பாளரையும் அமர்த்தினார். செபம் சொல்லிக் கொடுப்பதும், சாகக் கிடக்கும் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றித் திருமுழுக்குக் கொடுப்பதும் கணக்கப்பிள்ளையின் வேலை. கணக்கப்பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுக்க, போர்த்துக்கல் அரசிக்குப் பாதணிச் செலவு என்று ஒதுக்கப்பட்டிருந்த 4,000 பணத்தைச் சவேரியார் கேட்டுப் பெற்றார். அவருக்குப் பின் வந்த அன்றீக்கே அன்றீக்கஸ் இந்த ஞானோபதேசத்தை அச்சுக்குக் கொண்டுபோனார். 1578இல் கொல்லத்தில் வெளிவந்த ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கமே கொண்ட ஞானோபதேச நூல். 1560இல் போர்த்துக்கேயர் இலங்கையின் மன்னாரில் கோட்டை அமைத்தபோது பரதவக் குடும்பங்கள் சிலவும் அங்கே குடியேற்றப்பட்டன. அன்றீக்கஸும் மன்னாரில் பணியாற்றினார். முறை கடல் கடந்தது இப்படித்தான்.

1658க்குப் பின் வந்த டச்சு ஆட்சியும் பிள்ளைகளைக் கவனிக்காமல் விடவில்லை. சொல்லப்போனால், அதன் மதக் கொள்கையே பள்ளிக்கூடத்தில்தான் நின்றது. ஊருக்கு ஊர் பள்ளி. வராத பிள்ளையின் பெற்றோருக்குத் தண்டம். திருமுழுக்கும் திருமணமும் பள்ளித் தோம்பு என்ற பதிவேட்டில் பதிவாக வேண்டும். பதியாதவருக்குச் சொத்துரிமையில் சிக்கல். ஆகவே கத்தோலிக்கப் பெற்றோரும் தம் பிள்ளைகளை அங்கே அனுப்பினர். பகலில் டச்சுப் பள்ளியில் ஒரு ஞானோபதேசம், விளக்கு வைத்தபின் வீட்டில் இன்னொன்று என்று ஒரே பிள்ளை இரண்டையும் மனப்பாடம் செய்த தலைமுறை அது என்று கருத இடமுண்டு. கர்த்தர் கற்பித்த செபம் இரண்டிலும் உண்டு. மரியன்னைக்குரிய செபம் வீட்டில் மட்டும். வீடுகளில் செபமாலையும் சுரூபமும் இன்னும் இருக்கின்றன என்று டச்சுப் போதகர்கள் குறைபட்டுக்கொண்டதை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும்.

1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் தூத்துக்குடியிலிருந்து படகேறி, பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். யார் கத்தோலிக்கர் என்று வாய்விட்டுக் கேட்க முடியாது, கேட்டால் உயிருக்கே ஆபத்து. கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். மாலையைக் கண்டதும் யார் முகம் மாறுகிறது என்று கவனித்தார். 29 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த மணிகள் என்னவென்று புரிந்துகொள்ள அங்கே ஆட்கள் இருந்தார்கள். கோயில் இருந்த காலத்தை அறியாத இளவயதினரும் அவர்களுள் இருந்திருக்க வேண்டும். தாயும் பாட்டியும் வீட்டில் சொல்லிக் கொடுத்தது தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. அவர்கள் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை.

சில்லாலை அவருக்குப் புகலிடமானது. பூசைகள் இரவில், வீடுகளுக்குள். 1689 கிறிஸ்துமஸ் இரவில் படைவீரர் புகுந்து பலரைக் கைது செய்தனர். வாஸ் தப்பி, புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியத்துக்குப் போனார். 1711இல் கண்டியில் இறக்கும்வரை அவர் செய்த பணிகளில், ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியையும் நிலைநிறுத்தியதையே முதன்மையாகச் சொல்வேன். மூப்பர் ஊர்க் கிறிஸ்தவர்களின் தலைவர். குரு வரும் செய்தி அவர் மூலமே இரகசியமாகப் பரவும். அண்ணாவி பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பார், ஞாயிறு செபத்தை நடத்துவார், ஆபத்தில் திருமுழுக்கும் கொடுப்பார். கணக்கப்பிள்ளையின் வேலையேதான். ஆனால் சம்பளம் தர இப்போது அரசி இல்லை. குரு வருடத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது. வந்தவர் தயாராக இருந்த பிள்ளைகளைச் சோதித்து, நற்கருணை கொடுத்து, அடுத்த ஊருக்குப் போனார்.

1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் இந்த அமைப்புக்கு நூல்களைத் தந்தார். சிங்களத்திலும் தமிழிலும் எழுதினார். குரு இல்லாத இடத்தில் அண்ணாவி எடுத்து வாசிக்க, கூட்டம் கேட்டுக் கலங்க எழுதப்பட்ட உரைநடை அது. அவருடைய வியாகுலப் பிரசங்கம் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கரின் தவக்கால மரபில் ஊன்றிவிட்டது.

சவேரியாரே 1549இல் கால்வைத்த ஜப்பானை இதனோடு ஒப்பிடலாம். 1614இல் அங்கே தடை வந்தது. 1644இல் எஞ்சியிருந்த கடைசிக் குருவும் கொல்லப்பட்டார். நாட்காட்டி காப்பவர், திருமுழுக்குக் கொடுப்பவர் என்ற பொறுப்புகளோடு ஊரார் மட்டுமே இரு நூற்றாண்டுக்கு மேல் விசுவாசத்தைச் சுமந்தனர். 1865இல் உரகாமிக் கிராமத்தார் நாகசாகியின் ஓவுராக் கோயிலில் தம்மை வெளிப்படுத்தினர். ஆயினும் செபங்களின் பொருள் பல குழுக்களில் மங்கியிருந்தது, சில குழுக்கள் திருச்சபையோடு மீண்டும் சேரவே இல்லை. யாழ்ப்பாணத்தில் அப்படி ஆகாததற்குக் காரணம், இடையிடையே வந்த குருவும், தாய்மொழியில் புரிந்த நூலும்.

1796இல் ஆங்கிலேயர் வந்தனர். 1806இல் கத்தோலிக்கர் மீதான தடைகள் சட்டப்படி நீங்கின. தண்டமும் தோம்பும் போனதும் டச்சுச் சபையின் உள்ளூர் உறுப்பினர் கூட்டம் சில ஆண்டுகளிலேயே கரைந்தது. எழுத்தறிவுக்கு அப்பள்ளிகள் செய்த தொண்டு பெரிது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கட்டடமும் ஊதியமும் அரசும் தாங்கிய போதனை அவற்றோடேயே போனது. ஒளிந்து கற்பிக்கப்பட்டது வெளியே வந்து நின்றது.

கோயில் கதவு மூடிய காலம் நம் நாளிலும் வந்தது. 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடிந்து நின்ற பிள்ளைகள் குண்டுவெடிப்பில் பலியாயினர். அடுத்த ஞாயிறு கோயில்கள் மூடியிருக்க, இலங்கையின் கத்தோலிக்கர் தொலைக்காட்சி வழியே பூசை கண்டனர். மறு ஆண்டு கொள்ளைநோய் வந்து உயிர்ப்பு ஞாயிறன்று கோயில்களை மறுபடி மூடியது. அந்த மாதங்களில் திரையில் பூசை வந்தது. ஆனால் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வீட்டில் ஒருவர் ஆயத்தமாக இருந்தாரா என்பதை நாம் இன்னும் ஆராயவில்லை. வடபுலத்துப் பங்குகளில் அண்ணாவி மரபை அறிந்த முதியவர்கள் இன்று இருக்கிறார்கள், வியாகுலப் பிரசங்கத்தின் கையெழுத்துப் படிகள் சில வீடுகளில் பெட்டிக்குள் கிடக்கின்றன. மறைக்கல்வி நிலையங்களும் பல்கலைக்கழகங்களும் இவ்விரண்டையும் பதிவு செய்யும் வேலையைக் காலம் தாழ்த்தாமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.