ஆயிரத்தில் ஒன்று: படைத்துறை நழுவு அளவுகோல்களும் கோண அளவும்

மின்கணிப்பான் பரவுவதற்கு முன்னர்ப் பீரங்கிப் படையினரின் கணக்குகளுக்குத் துணைநின்றவற்றுள் நழுவு அளவுகோலும் ஒன்று. ஸ்லைடு ரூல் என்றால் மூத்த ஆசிரியர்கள் உடனே அறிவர். 1614இல் ஜான் நேப்பியர் மடக்கையை வெளியிட்டார். சில ஆண்டுகளிலேயே வில்லியம் ஆட்ரெட் மடக்கைக் கோடுகள் இரண்டை அருகருகே நகர்த்திப் பெருக்கலைக் கூட்டலாக மாற்றினார். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்கருவிக்கு நிலைத்த வடிவம் தந்த அமேதே மான்ஹைம், பிரெஞ்சுப் பீரங்கிப் படை அதிகாரி.

உண்மையில், இவ்வளவுகோல் கோணத்தை அளப்பதில்லை. அளப்பது தொலைநோக்கியின் வேலை. அளந்த கோணத்தின் சைன், டேன்ஜென்ட் மதிப்புகளை மடக்கை நீளங்களாகத் தாங்கி நிற்பதே இதன் வேலை. அக்கோணத்தை எந்த அலகில் எழுதுவது என்பதில்தான் சிக்கல் எழுந்தது.

பாகை என்னும் சொல், பகுதி எனப் பொருள்படும் பாகம் என்பதோடு உறவுடையது. எத்தனையில் ஒரு பகுதி என்று அது சொல்வதில்லை. படைவீரர் வழங்கிய மில் என்னும் சொல்லோ, ஆயிரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. ஒரு ரேடியனில் ஆயிரத்தில் ஒரு பங்கு எனத் தன் அளவைத் தானே அறிவிப்பது. 1,000 மீட்டர் தொலைவில் ஒரு மீட்டர் அகலம் ஏறத்தாழ ஒரு மில் கோணமாகத் தோன்றும். 4 மீட்டர் உயரமுள்ள இலக்கு 2 மில்லாகத் தெரிந்தால், அது 2 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சைன் அட்டவணை வேண்டியதில்லை; வெறும் வகுத்தல் போதும்.

ஆனால் வட்டத்தில் அத்தகைய பங்குகள் ஏறத்தாழ 6,283.19 உள்ளன. இவ்வெண்ணைக் கொண்டு கருவியில் கோடு கீற இயலுமா? நேட்டோ நாடுகள் 6,400 எனக் கொண்டன. மீண்டும் மீண்டும் பாதியாக்க அது எளிது. சோவியத் படை 6,000 எனக் கொண்டது. கடிகார முகத்தின் ஒரு மணிக்கு 500 பங்கு. சுவீடன் 6,300ஐத் தேர்ந்தது. உண்மைக்கு மிக அருகில் நின்றது அதுவே. ஆயினும் அதன் செங்கோணம் 1,575 என்னும் வசதியற்ற எண்ணாயிற்று. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் பீரங்கிகளோ பாகையையும் கலையையுமே கையாண்டன.

சோவியத் அலகும் ஆயிரத்தில் ஒன்று என்னும் பொருளுடைய ரஷ்யச் சொல்லாலேயே வழங்கியது. பெயரின் பொருள் ஒன்றே, அளவு வேறு. 1,000 என்னும் குறிப்பு சோவியத் கணக்கில் 60 பாகை. நேட்டோ கணக்கில் 56.25 பாகை. ஒன்றை மற்றொன்றாகக் கொண்டு சுட்டால், 10 கிலோமீட்டர் தொலைவில் குண்டு ஏறக்குறைய 650 மீட்டர் விலகி விழும். அங்கே ஒரு சிற்றூர் இருக்கலாம். சொந்தப் படையே இருக்கலாம். மொழிபெயர்ப்பில் சொல் சரியாக அமைந்தும் பொருள் பிழைபடும் இடங்களுள் இதைவிடக் கொடியதை யான் அறியேன்.

பழைய நழுவு அளவுகோல் ஒன்று கைக்குக் கிடைத்தால், சைன் கோட்டின் வலக்கோடியைப் பாருங்கள். செங்கோணத்தின் சைன் ஒன்று. ஆகவே கோடு அங்கே முடியும். கடைசி எண் 90 எனில் பாகை, 1,500 எனில் சோவியத் மரபு, 1,600 எனில் நேட்டோ மரபு.